காசிநாதன் அண்ணன் சொன்ன ஒரே பொய்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது போன் வந்தது. "அப்பா காலையில போயிட்டாருங்க சித்தப்பா" என்றாள் காசிநாதன் அண்ணன் மகள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் உட்கார முடிகிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு மாவட்டத்துப் புண்களும் அவரைக் கண்டால் எழுந்து நின்று வணங்கும். அவர் சுற்றிய துணியை நீட்டி விரித்தால் திருமானூரில் தொடங்கி டெல்லியில் முடியும்.

சில வருடங்களுக்கு முன் பஸ் படியில் வழுக்கி, பெரம்பலூர் மண்ணில் நான் உட்கார்ந்த வேகத்தில் பூமி ஒரு அங்குலம் தாழ்ந்தது. என் வால் எலும்பு உடைந்தது. ஒரு வருடம் வலித்த பிறகு அதை அறுத்து எடுத்துத் தையல் போட்டார்கள். புண் மூடும்வரை உட்காரக் கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது. புளுகுப் பேரரசனாகிய நான் தலையணைக்குள் முகம் புதைத்துக் கிடந்தேன். பார்க்க வந்தவர்களைக் கால் விரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கட்டிலைச் சுற்றிய தரை மட்டுமே என் ராஜ்ஜியம். அண்ணன் குரும்பலூரிலிருந்து மொபெட்டில் வந்து கட்டு மாற்றுவார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி மகளுக்குக் கல்லங்குறிச்சி கோவிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

"அஞ்சு நிமிசந்தானேண்ணே, உக்காந்துட்டு எந்திரிச்சிடட்டுமே" என்று தங்கச்சி அவரிடமே கேட்டாள்.

"மடிதான் வேணும்னா வேற மாமனப் பாருங்கம்மா."

"அவளுக்கு இருக்கறது இந்த ஒரு மாமன்தானுங்க."

"அப்ப இந்த மாமனுக்கு இருக்கறதும் ஒரு முதுகுதாம்மா."

அவருக்குத் தெரியாமல் போனேன். உட்கார்ந்தேன். முதல் காதுக்குக் குழந்தை அழுதது. இரண்டாவது காதுக்கு எகிறி உதைத்தது. பின்னால் சாக்குத் தையல் பிரிவதுபோல் ஏதோ விட்டது. எழுந்திருக்க வழியில்லை, மடியில் குழந்தை, எதிரே கேமரா. போட்டோவில் நான் சிரிக்கிறேன்.

மறுநாள் அண்ணன் கட்டைப் பிரித்தார். என் கண்ணுக்கு அவர் செருப்பில்லாத கால்கள் மட்டும். திட்டுக்குக் காத்திருந்தேன்.

"ரெண்டு காதும் குத்தியாச்சா?"

"ஆச்சுண்ணே."

"அப்ப சரி."

டாக்டர் மறுபடி தைக்கவில்லை. புண்ணைத் திறந்தே விட்டு, தினமும் உள்ளே துணி வைத்து ஆற்றச் சொன்னார். மேலும் இரண்டு மாதம் குப்புற வாசம். ஒருநாளும் அண்ணன் வராமல் இருந்ததில்லை. "மேல மூடுறது பெருசில்ல தம்பி. அடியிலேர்ந்து நெறஞ்சு வரணும், அவசரப்பட்டு மூடிச்சுன்னா உள்ளுக்குள்ள சீழ் கட்டிடும்" என்பார்.

ஒருநாள் தங்கச்சி வாசற்படியில் நின்று, "நான் உக்கார வெச்சதாலயாண்ணே பிரிஞ்சிடுச்சு?" என்று அவரிடம் கேட்டாள்.

"சேச்சே. அந்த எடத்துல சில பேருக்குத் தையல் நிக்காதும்மா. ஒடம்பு வாகு."

புண் விஷயத்தில் யாருக்காகவும் வார்த்தையை மாற்றாத மனிதர். ஊரே அறிந்த புளுகனான நான் அன்று தலையணைக்குள் வாயைத் திறக்கவில்லை. அவர் எந்த முகத்தோடு அதைச் சொன்னார் என்று பார்க்கவும் முடியவில்லை.

நேற்று அவர் வீட்டு வாசலில் தங்கச்சி அழுதாள். "எங்கண்ணன் ஒடம்பு வாகு அப்படி, இவரு இல்லன்னா என்னாயிருக்கும்" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய் ஒன்றுதான். தங்கச்சிக்குப் படிக்கும் பழக்கம் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்களே, நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.