அப்பாவின் விரலில் எண்பத்தாறு

இன்று காலை அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளவு எண்பத்தாறு காட்டியது.

நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. ஆபரேஷனின்போது அந்தப் பக்கத்தை அடக்கிவைத்து, மற்ற நுரையீரலில் மட்டும் மூச்சு ஓடவிட்டார்களாம். நடுவில் அளவு இறங்கியது, ஏறும்வரை காத்திருந்தோம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்கு எண்கள் என்றால் பயம்.

அப்பாவை வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். மெஷின் கோளாறாக இருக்குமோ என்று சேவூர் மருந்துக் கடையில் நிறுத்தினேன். கடைக்கார அக்கா அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நகமெல்லாம் சாயம். இதுல மாட்டினா எப்படிங்க சரியா காட்டும்? கால் விரல்ல போடுங்க."

தொண்ணூற்றைந்து.

எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் உறைத்தது. அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் நகத்தில் நிறம் இருப்பது நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது, கண்ணில் படாது. ஆனால் மூன்று மாதம் சாயக் கொப்பரையின் ஆவிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது புது நீலம்.

"நான் வேலைக்குப் போனதும் பட்டறைக்குப் போய்க்கினு இருந்தியாப்பா?"

"நான் எதையும் தொடலம்மா. சும்மா பாத்துகினு இருந்தேன்."

"பாத்தா நகம் நீலமாவுமா?" என்றார் அக்கா.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். "பேஜார் பண்ணாதீங்க. தொண்ணூத்தஞ்சு இருக்குதுல்ல? அப்ப நாளைக்கும் போவலாம்."

இவரை வீட்டில் உட்காரவைக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அழுது பார்த்தாயிற்று.