மலைக்கென்றே தைத்தது

கோடை விடுமுறை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு செருப்பு வரிசைதான். அடி அண்ணாமலைப் பக்கம், மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் செருப்பும் ஜோடி ஜோடியாக, கோயில் வாசலில் விட்டதைப் போல, மூக்கெல்லாம் மலையைப் பார்க்க நின்றிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் கையில் அரிவாளோடு வெறுங்காலில் பாதி மேடு ஏறிவிட்டிருந்தார்கள்.

பிளஸ் ஒன் முடித்த பிள்ளைகள் அவர்கள். டவுனில் இருக்கும் ஒரு சின்னத் தன்னார்வக் குழு, வனத்துறையிடம் அனுமதி வாங்கி, ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை மலை வேலைக்குச் சேர்த்தது. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் தொன்னையும் டம்ளரும் பொறுக்குவது, மழையில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் உண்டு. பெரிய வேலை, கோடு வெட்டுவது. வெயிலில் காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும். அதனால் புல்லுக்கு நடுவே ஒரு தெரு அகலத்துக்கு வெட்டிச் செதுக்கி, வெறும் மண்ணாக்கி விடுவோம். தீ அந்த இடம் வரை வந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிடும். இந்தப் படைக்கு நான் தலைவி. எனக்குத் தொண்டை ஜாஸ்தி என்பதைத் தவிர வேறு தகுதி இருந்ததாக நினைவில்லை.

அந்தத் தொண்டையைத் திறந்தேன். எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

"யாரு உங்களைச் செருப்பக் கழட்டச் சொன்னது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரும் சொல்லலக்கா. மலை இல்லையா?" என்றான் ஒருவன், புத்தி பேதலித்தவளுக்கு எடுத்துச் சொல்வதைப் போல.

எனக்குத் தெரியாதா? நானும் கீழ்பென்னாத்தூர்க்காரிதான். மலைமேல் சாமி இல்லை, மலையே சாமி என்று கேட்டு வளர்ந்தவள்தான். வெறுங்காலில் கிரிவலம் போய்க் கொப்புளத்தோடு பஸ் ஏறியவளும்தான். ஆனால் வெட்டிய புல்லின் அடிக்கட்டை ஊசி மாதிரி நிற்கும். ஒரு பிள்ளையின் காலில் ஏறிச் சீழ் பிடித்தால் முகாமுக்குப் பூட்டு. நாளையிலிருந்து ஷூ போடாமல் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூட ஷூவோடு வந்தார்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "சாமி, மன்னிச்சுக்கோ. அக்காதான் போடச் சொன்னாங்க" என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். சரி, என் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பாவத்தோடு இதுவும் சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் வராத ஒருத்தி மட்டும் வெறுங்காலோடு வந்து நின்றாள். மெலிந்த பெண், மாட்டுக்குப் புல் அறுத்துப் பழகிய கை. அரிவாளைப் பிடிக்கும் விதத்திலேயே அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

"நான் போட மாட்டேங்க்கா. செருப்பு ஷூ எதுவும் போட்டுக்கினு ஏற மாட்டேன்னு அப்பா சத்தியம் வாங்கிக்கினுதான் அனுப்பினாரு."

"போடலன்னா ஏற முடியாது."

"போட்டா வூட்டுக்குப் போக முடியாதுக்கா."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அன்று அந்தப் பெண்தான் மத்தளம். வேப்பமரத்தடியிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில் அவள் வீடு. பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் பல் துலக்கியிருக்கிறாள், ஆனால் ஒரு நாளும் ஏறியதில்லை. தீபத்தன்று ஊரே ஏறினாலும் அவள் அப்பா ஏறமாட்டார், வீட்டில் யாரையும் விடவும் மாட்டார். அவர்கள் மலையைச் சுற்றி மட்டும் கும்பிடுகிறவர்கள். அவரிடம் அழுது அடம்பிடித்து, மலைக்கு நல்லது செய்கிற வேலை என்று சொல்லித்தான் இந்தக் கோடைக்கு மட்டும் ஒரு சம்மதம் வாங்கியிருந்தாள்.

வீட்டுக்கும் திரும்பாமல் மலையும் ஏறாமல், அவள் முகாம் நேரம் முழுக்க வேப்பமரத்தடியிலேயே இருந்துவிட்டாள். டிராக்டரில் வரும் தண்ணீரைக் கேன்களில் பிடித்து வைப்பாள், அரிவாள் தீட்டுவாள். இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"மேல இருந்து இன்னா தெரியுது?"

"கடல் தெரியுது" என்பான் ஒருவன். "மெட்ராஸே தெரியுது, மெரினாவுல சுண்டல் விக்கறாங்க" என்பாள் இன்னொருத்தி. சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "எங்க வூடு தெரியுதா?" என்பாள்.

யாரும் கவனித்திருக்கவில்லை. "எல்லா வூடும் ஒரே மாதிரிதான் கீது" என்றான் அந்தக் கடல் பார்த்தவன். அவள் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் என்ன செய்வான் பாவம், அவளைக் கீழே நிறுத்தியவள் நான்தானே.

ஒரு சாயங்காலம் அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். நெல்லும் மணிலாக் கொட்டையும் ஏலத்துக்கு வரும் மார்க்கெட் கமிட்டியில் அவர் மூட்டை தைப்பவர். கையில் கோணி ஊசி, கழுத்தில் மாலை மாதிரி சணல். ஒரு மூட்டையின் வாயை மூடிவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்துகொண்டே பேசினார். மரியாதையில் குறையில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். விட்டுக்கொடுக்கத்தான் இல்லை.

"சாமி மேல செருப்பு காலோட நிக்கறதாங்க? நீங்களே சொல்லுங்க."

"முள்ளு குத்தினா யாருங்க பதில் சொல்றது?"

"குத்தட்டுங்க. இத்தினி வருசம் சுத்தறோம், குத்தாத முள்ளா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றோம். நான் கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.

"கோடு வெட்டறீங்களாமே, அது இன்னாத்துக்குங்க?"

சொன்னேன். அவர் ஊசியை மூட்டையில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப மலை எரியாதா?"

"கோடு வரைக்கும்தான் எரியும். அதைத் தாண்டாது."

அவர் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார். மலை எரியும் கோடைகளில் அவர் வீட்டு வாசலிலிருந்து அந்தச் சிவப்பைப் பார்த்திருப்பார் என்று திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அவள் காலில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தாள். "சாக்கு செருப்பு இல்லல்லக்கா?" என்றாள். கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன். நாலு எட்டு வைத்ததும் கயிறு அவிழ்ந்து, தடுக்கி விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். முழங்கால் சிராய்ப்புக்கு அழுகிற அழுகை இல்லை அது.

"லீவு முடிஞ்சா கேம்ப்பும் முடிஞ்சிடும். அடுத்த வருசம் அப்பா வுட மாட்டாரு. நான் பாக்காமயே போய்டுவேன்."

நான் தண்ணீர் கேனை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு மேலே ஏறிப்போய், அன்று முழுக்கப் புல்லை வெறிபிடித்தவள் போல வெட்டினேன்.

மறுநாள் காலை அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே மறுபடியும் சாக்கு. ஆனால் இது வேறு. அடிப்பாகம் சாக்கை மடித்து மடித்து, ஒரு விரல் கனத்துக்கு, நெருக்கமாகத் தையல் போட்டிருந்தது. கணுக்கால் வரை உறை மாதிரி ஏறி, மேலே சுருக்கிக் கட்டச் சணல் விட்டிருந்தது. கமிட்டியில் மூட்டை வாயில் பார்த்த அதே தையல்தான். யார் தைத்தது என்று நான் கேட்கவே இல்லை.

"செருப்பு தெருவெல்லாம் மிதிச்சது, அத போட்டுக்கினு சாமி மேல ஏறக்கூடாது. இது மலைக்குன்னே தெச்சது, வேற எங்கயும் மிதிக்காது. அப்படின்னு சொன்னாரு அப்பா. இங்கயே போட்டு இங்கயே கழட்டிடணுமாம்."

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் விறைப்பாக ஒன்றை வாங்கி என் காலில் நுழைத்து, அடிக்கட்டை மேல் ஓங்கி மிதித்தேன். குத்தவில்லை. நெருஞ்சி மேல் நின்றேன், குத்தவில்லை. வேலமுள் மட்டும் துளைத்தது, அது என் கடை ஷூவையும்தான் துளைத்திருந்தது. "சரி, போ" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கு அவ்வளவு பெரிய சத்தம் கிளம்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். கோடு இருக்கும் இடம் ஒன்றும் உச்சி இல்லை, சரிவில் கொஞ்ச உயரம்தான். அங்கே நின்று திரும்பியதும் எல்லோரும் அடி அண்ணாமலைக் கோயில் பக்கம் கை நீட்டி அவளுக்குக் கோபுரத்தைக் காட்டினார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வயல், தென்னை, ரோடு என்று கண்ணால் துழாவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"அதோ. மாடு கட்டியிருக்குது பாருங்கக்கா. அம்மா துணி காய வெக்கறாங்க." பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து, "அம்மா!" என்று கத்தினாள். கேட்கிற தூரமா அது? ஆனாலும் கூட இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அவள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் சாக்குதான் வேண்டும் என்றாகிவிட்டது. அவள் சணலால் எங்கள் பாதங்களை அளந்துகொண்டு போனாள், கிழிந்த சாக்குகள் ஜோடிகளாகத் திரும்பி வந்தன. கிரிவலம் வந்தவர்கள் எங்களைப் பார்த்து, இது என்ன கூத்துப் பயிற்சியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த மூட்டையில் ஒரு ஜோடி மட்டும் யாருக்கும் சேரவில்லை. அவ்வளவு பெரியது. "யானைக்கு அளவெடுத்தாரா உங்கப்பா?" என்று கேலி செய்தார்கள். அவளுக்கும் தெரியவில்லை. அதை அரிவாள்கள் வைக்கும் கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தேன்.

அந்த வருடம் எங்கள் சரிவில் தீயே வரவில்லை. இவ்வளவு வெட்டியும் ஒரு தீ வரலையே என்று ஒரு பையன் வருத்தப்பட்டான். கடைசி நாளில் பெற்றோர்களை அழைத்திருந்தோம். மற்றவர்கள் மேலே வந்து பார்த்தார்கள், அவள் அப்பா வேப்பமரத்தடியோடு நின்றுவிட்டார். இறங்கி வந்த மகளிடம், ஏதோ மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

"நம்ம வூடு தெரியுதா?"

"தெரியுதுப்பா. மாடு கூட தெரியுது."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் அவள் பிளஸ் டூ முடித்து, வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு கோடைக்கும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவள் போன பிறகு வந்த முதல் கோடையில், வேலை தொடங்கிய காலை நான் வேப்பமரத்தடிக்கு வந்தபோது அவர் நின்றிருந்தார்.

"பெருசா ஒரு ஜோடி குடுத்தனே, அது இருக்குதுங்களா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். ஆணியிலேயே இருந்தது, ஒரு பக்கம் மட்டும் எலி கொறித்திருந்தது. அவர் தன் செருப்பைக் கழற்றிப் பிள்ளைகளின் வரிசையில் விட்டு, மலையைப் பார்க்கத் திருப்பி வைத்தார். சாக்கைப் போட்டுக்கொண்டு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். நான் முன்னால் நடந்தேன், அவர் நின்று நின்று வந்தார்.

கோட்டில் புல் மறுபடி முளைத்துக் காய்ந்திருந்தது. "இங்கதாங்க உங்க பொண்ணு வெட்டினது" என்று காட்டினேன். அவர் அந்த இடத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி ஊரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்த வருசம் லீவு பூரா நான் வேலைக்கிப் போறதுக்கு முன்ன வாசல்ல நின்னு இங்கதாங்க பாத்துக்கினு இருப்பேன். பொடிசு பொடிசா தெரிவீங்க. ஆனா அதுல எது எம்பொண்ணுன்னு மட்டும் தெரியாது."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, என்னிடம் கொடுத்து, மகளுக்குப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவள் "இன்னாப்பா, இந்நேரத்துல?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "வூடு தெரியுது."

அவள் கேட்டாள், "மாடு?"

"கட்டியிருக்குது" என்றார் அவர்.