செவ்வாயும் வெள்ளியும் போன துளசிக் கதிர்

என் அம்மா அழகியநாயகி யாரையும் நம்பியதில்லை. பால்காரி அளந்த பாலை மறுபடி அளப்பாள். நான் நீர்ப்பாசன இலாகாவில் ஓவர்சியர். நான் எடுத்த அளவையும் முழம் போட்டுப் பார்ப்பாள். போன மாசியில் இறந்துவிட்டாள்.

சுசீந்திரத்துக்குக் கிழக்கே எங்கள் வீடு. பின்னால் முப்பது மூடு துளசிச் செடி. ஊர்க் கிருஷ்ணன் கோயில் மாலைக்குத் தினமும் ஒரு பெட்டி இலை அவள் கொடுத்தாள். அப்பா போன பிறகு அவள் வீட்டை விட்டு இறங்கியது அதற்காக மட்டும்தான். செவ்வாய், வெள்ளியில் துளசி பறிக்கக் கூடாது. முந்தின நாளே பறித்து வைப்பாள்.

1953இல், புதனும் சனியும் காலையில் பார்த்தால் துளசியின் இளம் பூங்கதிர்களைக் காணோம்.

“செல்லபாய்தான்” என்றாள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, கிறிஸ்தவப் பெண். “நான் தோட்டத்துல இறங்காத நாளு அவளுக்குத்தான் தெரியும்.”

“கேட்டிர வேண்டியதுதானே?” என்றேன், விடுப்பில் வந்திருந்த நான்.

“கேட்டு ஊரறியணுமா? வேதக்காரி கை பட்ட இலைன்னா கோயில்ல வாங்குவானா?”

அம்மா வேலியோரம் உடைமரத்து முள் வெட்டிப் போட்டாள். செல்லபாய் சிரித்தாள். “யக்கா, துளசிக்கு முள்ளா? அப்படி என்ன காய்ச்சுக் கெடக்கு?”

“காய்க்காததையும் களவாங்க ஆளு இருக்கே.”

களவு நின்றது. கதிர்கள் முற்றின. இரண்டு மாதத்தில் இலை சிறுத்துவிட்டது. மாலை கட்டும் நீலகண்டன், “இலை கேட்டா வெறகு கொண்டாறியளே. இப்படின்னா வேற வீட்டுல சொல்லிருவேன்” என்றார்.

அடுத்த விடுப்பில் வந்த நான் செடிகளைப் பார்த்தேன். கதிர் முற்றினால் செடி இலை விடாது. “களவு போனதுனாலதான் தழைச்சிருக்கும்மா. இனி கதிர நீயே நுள்ளிப் போடு.”

“பூக்க வந்தத நுள்ளுகது பாவம்லா.”

மறுநாள் வேலியோரத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு முள்கிளையை இழுத்து ஓரமாகப் போட்டாள். “பாவம் பண்ணுகவ பண்ணட்டு.”

கதிர்கள் மறுபடி காணாமல் போயின; செடி தழைத்தது. இலை கோயிலுக்குப் போயிற்று. ஆனாலும் புதன், சனி காலைகளில், கதிரோடு இலையும் போகிறதா என்று ஒவ்வொரு மூடாகக் குனிந்து பார்ப்பாள்.

அவள் இறந்த ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தீட்டு என்பதால் கோயிலுக்கு இலை கிடையாது. செல்லபாய் வேலியருகே நின்றாள்.

“தம்பி, அம்மைக்குத் தெரியாமத்தான் இவ்வளவு நாளும் எடுத்தேன். கோழி அடை வைக்கயில கூட்டுல இந்தக் கதிரப் போட்டா பேன் வராது. இன்னைக்குக் கேட்டுட்டு எடுக்கேன்.”

“எடுங்க” என்றேன். அம்மாவுக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

நுள்ளும்போது இரண்டு தடவை எங்கள் அடுக்களை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.