டார்ச் அக்கா பார்த்த ஒரே முடிவு

இருபத்திரண்டு வருஷமாக அவள் சினிமா தியேட்டரில் வேலை பார்க்கிறாள். இத்தனை படங்களில் ஒரே ஒரு படத்தின் முடிவைத்தான் பார்த்திருக்கிறாள்.

வேலை அப்படி. படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே டார்ச்சை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கவாட்டு நடைக்குப் போய்விட வேண்டும். வெளிக்கதவுகள் நாலு. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ். கீழ்த்தாழ் துருப்பிடித்தது, உதைத்தால்தான் அசையும். நாலையும் உதைத்து முடிப்பதற்குள் கூட்டம் சிரித்தபடியோ மூக்கை உறிஞ்சியபடியோ வெளியே வந்துவிடும். தொடக்கமும் அவளுக்கு வாய்த்ததில்லை. தாமதமாக வருகிறவர்களின் காலுக்கு வெளிச்சம் காட்டித் தரையைப் பார்த்தே நடப்பாள். கதையில் வருபவர்கள் அனைவரும் கற்பனையே என்ற வரி ஒவ்வொரு படத்திலும் அவள் தலைக்கு மேலாகப் போய்விடும்.

எல்லோருக்கும் அவள் டார்ச் அக்கா. அவளைவிட வயதில் மூத்த மானேஜருக்கும்.

புருஷன் லிப்ட் மெக்கானிக். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஏழு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். காலையில் அவள் கூட இருப்பாள். மதியம் தியேட்டருக்கு ஓடுவாள். மறுநாள் காலை, முந்தின நாள் ஓடிய படத்தை அவனுக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். அவன் காலி மாத்திரை அட்டைகளில் சின்னச் சின்னப் படகு மடித்து ஜன்னலில் வரிசையாக வைத்துக்கொண்டே கேட்பான். முடிவு வரும்போது அவள் கொஞ்சம் தயங்கி, வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்துவிடுவாள். ஒரு நாள் பிடிபட்டாள். கேலியாக அவளை மேடம் என்றுதான் அவன் கூப்பிடுவான்.

“மேடம், நீங்க போன வாரம் சாகடிச்சவன் நேத்து டி.வி.யில கல்யாணம் பண்ணிக்கிட்டான்.”

“அது வேற படமா இருக்கும்.”

“அதே சட்டை, அதே மீசை. எனக்குக் கிட்னிதான் போச்சு, கண்ணு போகலை.”

வெளியூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த மகளிடமும் போனில் சொல்லிச் சிரித்தான். “உங்கம்மா சொல்ற முடிவெல்லாம் சொந்தச் சரக்கு. நம்பிடாதே.”

கடைசி நாள் காலையில் அவன் கேட்டது இதுதான். “இன்னிக்கு ஒரு நாள் நிஜ முடிவைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க மேடம்.”

அன்றைய மேட்னியில் அவள் கதவுக்குப் போகாமல் உள்ளேயே சுவரோரமாக நின்றாள். அப்போது டிக்கெட் கிழிக்கிறவர் வந்து காதருகே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து போன். உடனே வர வேண்டுமாம்.

அந்த மாதிரிப் போன் அதற்கு முன்னால் நாலு தரம் வந்திருந்தது. நாலு தரமும் அவள் மூச்சு வாங்க ஓடிப்போனபோது அவன் உட்கார்ந்து படகு மடித்துக்கொண்டிருந்தான்.

“பத்து நிமிஷம்,” என்றாள். “முடிஞ்சிடும்.”

முடிவைப் பார்த்தாள். ஓடினாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். “இப்பத்தான். அஞ்சு நிமிஷம் ஆகுது,” என்றாள் நர்ஸ்.

மகளிடம், கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். உண்மையைச் சொன்னது ஒரே ஒருத்தியிடம், மாடியில் குடியிருந்த டீச்சரிடம். டீச்சர் கேட்கிற விதமே தனி. குறுக்கே பேசமாட்டாள். கையிலிருக்கும் காபி ஆறி ஆடை படியும், வாய்க்குப் போகாது. மூன்று மாதச் சாயங்காலங்களில் டார்ச் அக்கா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். படகு, மேடம், பத்து நிமிஷம், அஞ்சு நிமிஷம். டீச்சர் கதை எழுதுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். தையல் தெரிந்தவர்கள், பாட்டுத் தெரிந்தவர்கள் இல்லையா, அந்த மாதிரி என்று நினைத்திருந்தாள்.

டீச்சர் வீடு மாறிப் போனாள். ஒன்பது வருஷம் ஆயிற்று.

இப்போது ஓடுவது அழுகைப் படம். பேர்போன நாவலை எடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு. மானேஜருக்கு வாயெல்லாம் பல். “அழுதா தாகம் எடுக்கும்க்கா. கூல்டிரிங்க்ஸ் பறக்குது.” டார்ச் அக்கா துண்டு துண்டாகத்தான் பார்த்தாள். சாகக் கிடக்கிற ஒருத்தன், அவன்மேல் உயிரை வைத்திருக்கிற அழகான நர்ஸ். முதல் இரண்டு நாள் அவ்வளவுதான். மூன்றாம் நாள் குளிர்பானப் பாட்டில் ஒன்று உருண்டு வந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது திரையில் ஆஸ்பத்திரி ஜன்னல். வரிசையாக மாத்திரை அட்டைப் படகுகள்.

அன்றைக்கு அவள் நகரவில்லை. அந்தப் படத்தில் அவனுக்கு ஒரு பெண்டாட்டியும் இருந்தாள். உதட்டுச் சாயம் பூசியவள். நோயாளி நாற்றம் தாங்காமல் சினிமாவுக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். சிரித்துக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிடுவான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்: “பத்து நிமிஷம்.”

தியேட்டர் முழுக்க ஒரே குரலாக ‘ச்சே’ என்றது. “இவளெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று அருகிலிருந்த கிழவி எழுந்து அவளைப் பார்த்தே கேட்டாள். இருட்டில் கையில் டார்ச்சுடன் நின்றவள், “உட்காருங்கம்மா, பின்னாடி மறைக்குது,” என்றாள்.

ஒரு நாளைக்கு நாலு ‘ச்சே’. வாரத்துக்கு இருபத்தெட்டு.

மகள் மட்டும் பார்த்துவிடக் கூடாது. போன் செய்தாள். “அந்தப் படத்துக்குப் போயிடாதடி. படு அறுவை.”

“எல்லாரும் அழறாங்களாமே.”

“அழறதுக்கு வீட்டுல இடமில்லையா?”

மகள் சிரிக்கவில்லை. சில வருஷமாகவே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன். சாப்பிட்டியா, தூங்கினியா, வைக்கிறேன். வேலை அதிகம் என்று இவளே காரணம் சொல்லிக்கொள்வாள்.

அடுத்த ஞாயிறு மேட்னிக்கு நாவல் எழுதியவர் வருகிறார் என்று மானேஜர் வாசலில் பூச்செண்டோடு நின்றார். டீச்சர் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். பின்னால் ஒரு ஜோடி செருப்பு. டார்ச் வெளிச்சம் அதன் மேல் விழுந்ததும் அடையாளம் தெரிந்தது. போன வருஷம் இவள் வாங்கி அனுப்பியது.

“வாம்மா,” என்றாள் மகளிடம். இரண்டு பேரையும் ஆறாவது வரிசைக்குக் கொண்டுபோய் விட்டாள். எல்லோருக்கும் போலவே காலடிக்கு வெளிச்சம் காட்டினாள்.

இடைவேளையில் டீச்சர் மட்டும் நடைக்கு வந்தாள். மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“கோவமா?”

“நர்ஸ் யாரு டீச்சர்?”

“யாருமில்ல. கதைக்கு வேணும். அவரு தனியாச் செத்தா யாராலயும் தாங்க முடியாது.”

“அவரு தனியாத்தான் செத்தாரு.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “உன்னைன்னு யாருக்கும் தெரியாதும்மா. கதையில வர்ற பெண்டாட்டி பாங்கு உத்தியோகம், நீ தியேட்டர். எல்லாத்தையும் மாத்தித்தானே எழுதியிருக்கேன்.”

“நான் எதுக்கு நின்னேன்னு சொல்லியிருந்தேனே. அதையும் மாத்திட்டீங்க.”

“எழுதிப் பார்த்தேன். சத்தியமா. புருஷனுக்கு முடிவைச் சொல்லணும்னு நின்னாள்னு எழுதினா, படிக்கிறவங்களுக்கு யாரைக் கோவிச்சுக்கறதுன்னு தெரியாமப் போகுது.”

மணி அடித்தது. டீச்சர் அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொட்ட அதே மாதிரி.

படம் முடியப் பத்து நிமிஷம். டார்ச் அக்கா கதவுப் பக்கம் வந்தாள். முதல் தாழை உதைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி. மகள்.

“முடிவு பார்க்கலையா?”

“தெரியும். புத்தகம் படிச்சிருக்கேன். மூணு வருஷம் முன்னாடி டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாங்க. அதுல படகு வந்த இடத்துலயே புரிஞ்சுபோச்சு.”

மூன்று வருஷம். சாப்பிட்டியா, தூங்கினியா, வைக்கிறேன்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி.”

“நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்னு சொன்னவ நீ.”

மகள் மேல்தாழை எக்கித் திறந்தாள். இவள் கீழ்த்தாழை உதைத்தாள். இரண்டாவது கதவு. இவள் சொன்னாள், துண்டு துண்டாக, மூச்சு வாங்க. முடிவைப் பார்த்துட்டு வரச் சொன்னது உங்கப்பா. அதுக்குத்தான் நின்னேன். வேற எதுக்கும் இல்ல. மூன்றாவது கதவு. நாலு தடவை போன் வந்து நாலு தடவையும் ஒண்ணுமில்லாமப் போச்சு. அஞ்சாவதும் அப்படின்னு நினைச்சேன்.

மகள் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள். அப்பாவைப் போலவே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நீ நின்னு பார்த்த படத்துல என்னதான் முடிவு?”

“ரயில் கிளம்பிடும். கதாநாயகி ஏறமாட்டா. பெட்டி மட்டும் போயிடும். அவ பிளாட்பாரத்துல உட்கார்ந்து, செருப்பைக் கழட்டி உள்ள இருக்கிற கல்லைத் தட்டுவா. அவ்வளவுதான்.”

ஒன்பது வருஷமாக நாக்கில் வைத்திருந்தது. இப்போதுதான் வெளியே வந்தது.

மகள் கேட்டாள், கோபமில்லாமல். “இது நிஜ முடிவாம்மா? இல்ல, உன் முடிவா?”

உள்ளே இசை ஓங்கிற்று. டார்ச் அக்கா நாலாவது தாழை உதைத்தாள். கதவுத் திரை விலகிக் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவே வழிந்தது. “அந்தப் பொண்டாட்டி மட்டும் என் கையில கிடைச்சா,” என்று சொல்லிக்கொண்டே போனாள் ஒருத்தி, கைக்குழந்தையைத் தோளில் மாற்றியபடி. டார்ச் அக்கா அவளுக்காகக் கதவை இன்னும் அகலமாகப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் வடிந்தபோது மகள் அந்தப் பக்கம் இல்லை. வெளியே படிக்கட்டில் டீச்சரோடு இறங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஏதோ பேச, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு போனாள்.