ஓடிக் காட்ட முடியாத டிரில் மாஸ்டர்

பிராக்டிகல் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மாணவன் சின்னையாவின் இடது கணுக்காலில் நரம்புச் சிலந்தி தலைகாட்டியது. அப்போது நான் புதுக்கோட்டையில், டிரில் மாஸ்டர்களைத் தயார்செய்யும் டிரெயினிங் பள்ளியில் சுகாதாரமும் தேகப்பயிற்சியும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சமஸ்தானக் காலம், யுத்தம் இன்னும் தொடங்கவில்லை.

இன்றைய பிள்ளைகள் நரம்புச் சிலந்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊருணியில் இறங்கித் தண்ணீர் மொள்ளுகிற ஊர்களில் அது சர்வசாதாரணம். குடித்த தண்ணீரோடு உள்ளே போய், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, காலில் கொப்புளம் கட்டி, நூல்போல வெளியே வரும் புழு. ஈர்க்குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்து, கால் வீணாகிவிடும்.

இதெல்லாம் சின்னையாவுக்குத் தெரியாததல்ல. மாதிரிப் பாடத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட தலைப்பே இதுதான். கீரனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளை ஊருணிக் கரைக்கே கூட்டிப்போய், துண்டை மடித்துத் தண்ணீரை வடிகட்டிக் காட்டினான்.

"வீட்டுல வஞ்சா வையட்டும். வடிகட்டாம குடிக்க மாட்டேன்னு ஒரே பிடியா நில்லுங்க" என்றான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் போனபோது பல வீட்டுக் குடங்களின் வாயில் துணி கட்டியிருந்தது. அதே பாடத்தை நான் எத்தனையோ ஊரில் நடத்தியிருக்கிறேன். ஒரு குடத்திலும் துணி ஏறியதில்லை.

அன்னவாசலை அடுத்த அவனுடைய சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பேசிவைத்திருந்தார்கள். சர்டிபிகேட் வந்தால் சேரலாம். ஆனால் பரீட்சையில் ஓடியும் தாண்டியும் காட்டாதவனுக்குச் சர்டிபிகேட் கிடையாது.

பிரின்சிபாலிடம் போய் நின்றேன்.

"பாடத்துக்கு மார்க் போட்டுடுவோம் சார். ஓட்டத்த மட்டும் கால் ஆறினதும் வச்சுக்கலாமே."

"எக்ஸாமினர் மெட்ராஸ்லேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவதான் வர்றார். ஓடாதவனுக்கு டிரில் மாஸ்டர்னு எழுதிக் குடுத்தா ஊர் சிரிக்காதா? அடுத்த வருஷம் வரட்டும்."

எக்ஸாமினர் வந்து இறங்கியதும் அவரிடமும் கேட்டேன். விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

சின்னையாவிடம் சொன்னேன். "அதுவரைக்கும் எனக்காக வேலைய வச்சிருப்பாங்களா சார்?" என்று மட்டும் கேட்டான்.

அன்று மாலை ஹாஸ்டல் அறையில் அவனே புழுவைப் பிடித்து இழுத்துவிட்டான். பாதியில் அறுந்தது. பரீட்சையன்று காலையில் முழங்கால்வரை வீக்கம், நல்ல காய்ச்சல். மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தான். முழங்கால் மட்டும் பிறகு மடங்கவே இல்லை.

"எல்லாம் தெரிஞ்சவன், ஏன்டா இழுத்தே?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"அடுத்தவங்க காலா இருந்தா இழுக்க விட்டிருக்க மாட்டேன் சார்" என்றான்.



யுத்தம் முடிந்த சமயத்தில் அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி மாணவர்களை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே வேறொருவர் டிரில் மாஸ்டர். பிள்ளைகள் வரிசை பிசகாமல் நடந்தார்கள், குறை சொல்ல முடியாது. விசில் ஊதி முடித்ததும் ஓடிப்போய் ஊருணியில் இறங்கி, கையால் அள்ளிக் குடித்தார்கள். எதிர்க்கரையில் சின்னையா மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் காலை இழுத்து இழுத்து வந்தான்.

"வாங்க சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்பா. இதுகளுக்கு நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பேனா சார்? நீ என்ன வாத்தியாரான்னு கேக்குறாங்க."

பிற்காலத்தில் நானே எக்ஸாமினராகப் போன இடங்களில், பாடம் நடத்துவதை முதலில் பார்த்து மார்க் போட்டுவிட்டுத்தான் ஒருவனை ஓடச் சொல்வேன். புதிதாக எக்ஸாமினராகிறவர்களுக்கும் அதையே சொல்லிவருகிறேன். சின்னையாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.