பெட்டி பார்த்த பதினோரு நாள்

பிளெஸ்ஸிக்கு வானியல் தெரியாது. டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் வழியில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தவள். மாணவர்கள் எரித்துவைத்த ஐசி சில்லுகளை மாற்றிக்கொண்டே ஒன்பது வருடம் ஓடிப்போயிருந்தது. அப்போதுதான் பேராசிரியர் நிலவழகன் வந்து, செயற்கைக்கோள் செய்யப்போகிறோம் என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க யாருங்க நல்லா சால்டர் வைப்பாங்க?" என்பதுதான். எல்லோரும் அவளைக் காட்டினார்கள்.

நாலு கிலோ எடை, ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஆனால் லேபில் அது பெட்டிதான். அதன் முனையில் தபால்தலை அளவுக்கு ஒரு எக்ஸ்ரே உணர்கருவி. நட்சத்திரங்களின் எக்ஸ்ரே காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது, மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் பெரிய தொலைநோக்கிகளுக்கு ஆயிரம் வேலை. ஒரே நட்சத்திரத்தை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க அவற்றுக்கு நேரமில்லை. பெட்டிக்கு வேறு வேலையே கிடையாது. விருச்சிகத்துக்குப் பக்கத்தில் செத்துச் சுருங்கிய நட்சத்திரம் ஒன்று, தன் துணை நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சிக்கொண்டு கிடந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை அது திடீரென்று எக்ஸ்ரேயில் கொழுந்துவிட்டு எரியும். எரிந்த பிறகு எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எரியத் தொடங்கும் முதல் சில நாட்களை யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்காகவே பெட்டி.

மூன்று வருடம் செய்தார்கள். ராக்கெட்டில் ஓரமாக இடம் கிடைத்து மேலே போனது. முதல் நாளே பேசியது. பிளெஸ்ஸி பற்றவைத்த சால்டர் இணைப்பு ஒன்றுகூட விடவில்லை.

கெட்டுப்போனது கீழேதான். கல்லூரியில் சேர ஆள் இல்லை. ஒவ்வொரு துறையாக மூடினார்கள். நிலவழகனுக்கு வடக்கே வேலை கிடைத்தது. போகும்போது கம்ப்யூட்டர், உரிமம், பெட்டிக்குக் கட்டளை அனுப்பும் ரகசிய எண்கள் எல்லாவற்றையும் விதிப்படி ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். பிளெஸ்ஸி தனியாளாகப் போய்த் தகவலை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் லேபில் கரண்ட் இல்லை. அடுத்த வாரம் கேட்டில் பூட்டு.

பெட்டி மட்டும் நிற்கவில்லை. கட்டளை போனால்தான் சேமித்ததை அனுப்பும். ஆனால் நிமிடத்துக்கு இரண்டு தடவை தன் நலத்தைச் சொல்லும் சின்ன சிக்னலை யாரும் கேட்கலாம். பேட்டரி எவ்வளவு, சூடு எவ்வளவு, நொடிக்கு எத்தனை எக்ஸ்ரே துகள்கள் விழுகின்றன, நினைவகம் எவ்வளவு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பிவிசி குழாயில் அலுமினியக் கம்பிகளைச் செருகி ஆண்டெனா செய்து, தினமும் காலை ஒன்பதரைக்கு அரிமளத்து வீட்டு மொட்டைமாடியில் அவள் நிற்பாள். அவளுடைய வீட்டுக்காரர் அருள்தாஸ், ஜெகதாப்பட்டினம் மீன்துறைக்கு ஐஸ் லோடு வண்டி ஓட்டுகிறவர். "அதக் கேட்டு என்னம்மா செய்யப் போற?" என்று ஒருமுறை கேட்டார்.

எப்போதும் எண்ணிக்கை நாலு, ஐந்து என்றுதான் வரும். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பத்தொன்பது வந்தது. மறுநாள் எழுபது. வியாழக்கிழமை முந்நூற்றுப் பத்து. உடனே நிலவழகனுக்குப் போன் போட்டாள்.

"சார், எரிய ஆரம்பிச்சிருச்சு சார். முந்நூறத் தாண்டிருச்சு."

"எண்ணிக்கை ஏறுன பிறகுதான் பெட்டி எழுத ஆரம்பிக்கும். நினைவகத்துல பதினோரு நாள்தாம்மா நிக்கும். அப்புறம் பழசு மேலயே புதுசை எழுதிரும். அந்தக் கம்ப்யூட்டர் வேணும். எண்கள் அதுல மட்டும்தான் இருக்கு."

"ஒங்ககிட்ட காப்பி இல்லையா சார்?"

"வெச்சிருக்கக் கூடாதுன்னு விதி. நான் வெச்சுக்கல."

அவர் அன்றே உலகெங்கும் தனக்குத் தெரிந்த ஆய்வாளர்களுக்கெல்லாம் எழுதினார். வெறும் எண்ணிக்கையை நம்பித் தொலைநோக்கியைத் திருப்ப முடியாது, தரவு இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை பிளெஸ்ஸி கல்லூரிக்குப் போனாள். சாவி மேனேஜர் ஆவுடையப்பனிடம் இருந்தது. "எனக்கென்னம்மா, தெறந்துவிடலாம். நாளைக்கு ஏதாச்சும் காணோம்னா என் தலையிலல்ல விழும்? காலேஜ் டிரஸ்ட்டுலேருந்து ஒரு வார்த்தை வரட்டும்," என்றார். அவர் கெட்டவரில்லை, அவளுக்கு எதிரிலேயே நாலு தடவை போன் போட்டார். டிரஸ்ட்காரர் வெளிநாட்டில் இருந்தார். சனி, ஞாயிறு போயிற்று. திங்கள் மாலை சரி என்று சொன்னார்கள். அது ஏழாம் நாள்.

எட்டாம் நாள் கதவைத் திறந்தார்கள். லேபில் மேசைகள் இல்லை. சுவரில் ஒயர் அறுத்த முனைகள் தொங்கின.

"போன மாசம் பழைய இரும்புக் கடைக்கு லோடு ஏத்துனதுல இதுவும் போயிருச்சா," என்றார் ஆவுடையப்பன். "இங்கிட்டு கம்ப்யூட்டர் இருந்துச்சான்னே எனக்குத் தெரியாதும்மா."

மறுநாள் அருள்தாஸ் லோடுக்குப் போகவில்லை. இருவரும் புதுக்கோட்டையில் அந்தப் பழைய இரும்புக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் கூடு இருந்தது. பிளெஸ்ஸியின் கையெழுத்தில் ஒட்டிய காகிதம்கூடக் கிழியாமல் இருந்தது. உள்ளே ஹார்டு டிஸ்க் இல்லை.

"அதெல்லாம் தனியாக் கழட்டி ஒடைக்கிறதுக்கு அனுப்பியாச்சுங்க," என்றார் கடைக்காரர். "முன்னாடியே சொல்லிருந்தா எடுத்து வெச்சிருப்பேன்ல?"

வண்டியில் திரும்பும்போது அருள்தாஸ்தான் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குள் வேறொரு நாட்டின் செயற்கைக்கோள் ஆறாம் நாளில் அந்த நட்சத்திரத்தைக் கண்டு அறிவித்திருந்தது. பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் திரும்பிவிட்டன. முதல் ஐந்து நாள் பெட்டியிடம் மட்டும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை பிளெஸ்ஸி மாடியில் நின்றாள். நினைவகம் நூறு சதவீதம் என்று வந்தது. அரை நிமிடம் கழித்து மறுபடி நூறு. அந்தச் செவ்வாய்க்கிழமையின் மேல் இந்தச் சனிக்கிழமையை அது எழுதத் தொடங்கிவிட்டது. கட்டளையை எதிர்பார்த்து அதன் ரிசீவர் திறந்தே இருந்தது. அவள் கையில் இருந்ததோ கேட்க மட்டும் முடிகிற ஆண்டெனா. பத்து நிமிடத்தில் பெட்டி வடக்கே அடிவானத்தில் இறங்கிப்போனது. ஐந்து நாட்களும் அழிகிறவரை தினமும் போய் நின்றாள். அதன் பிறகு மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருடம் நிலவழகன் ஒரு ஆய்வுக் கட்டுரையை அனுப்பி, போனும் போட்டார். இன்னொரு நாட்டுக்காரர்கள் எழுதியது. அதில் ஒரு வரியை வாசித்துக் காட்டினார். எரியத் தொடங்கிய முதல் ஐந்து நாட்களை யாரும் பார்க்கவில்லை என்று இருந்தது.

"பெட்டி பார்த்துச்சு சார்," என்றாள்.

"நமக்குத் தெரியும்மா."

"நமக்குத் தெரிஞ்சு என்ன சார்?"

பெட்டி போன ஐப்பசியிலேயே காற்றில் உரசி எரிந்து விழுந்துவிட்டது என்றார். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சரி சார் என்று போனை வைத்தாள். அப்போது அவள் புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு அம்மா டிஸ்ப்ளே உடைந்த போனை நீட்டி, உள்ளே இருக்கும் போட்டோவெல்லாம் அழியாமல் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிளெஸ்ஸி போனை வாங்கி, டிஸ்ப்ளேயைத் தொடுமுன் போட்டோக்களைக் காப்பி எடுக்கக் கேபிளைச் செருகினாள்.