மல்லாட்டை குடோன் மெட்டல்

திண்டிவனத்துக்கு வெளியே, எங்கள் டிரம்மரின் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கிவைத்திருந்த குடோனில்தான் எங்கள் இசைக்குழு பிறந்தது. நாங்கள் நால்வரும் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்து, ஒரே மாதிரி வேலை கிடைக்காமல் இருந்தவர்கள். வாசித்தது புரோகிரசிவ் மெட்டல். கனமான கிட்டார், நடுவழியில் மாறும் தாளம், உலகத்து இசை எதையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் சுதந்திரம். அந்தச் சுதந்திரம்தான் எங்களுக்கு வினையானது.

கீபோர்டுக்காரன் சர்ச்சில் வாசித்து வளர்ந்தவன். பாட்டு துதிப்பாடல் போலத் தொடங்க வேண்டும் என்றான். டிரம்மர் போனில் ஜாஸ் கேட்டுக் கெட்டுப்போனவன். பாடகனின் ஊரில் வருஷம் தவறாமல் கூத்து நடக்கும். ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து போடுகிற உறுமலை அப்படியே மைக்கில் இறக்கினான். கிட்டார் வாசித்த நானோ சின்ன வயதில் கொஞ்சம் வயலின் கற்றுக்கொண்டு விட்டவன். மாயாமாளவகௌளை ராகத்தை விட்டுக்கொடுப்பேனா? யாரும் தன்னுடையதை வெட்டச் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம். பாட்டு அரைமணி நேரத்தைத் தாண்டியது. அதை முதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டோம்.

டிரம்மரின் அக்காவுக்கு விழுப்புரத்தில் கல்யாணம் நிச்சயமானது. வரவேற்புக்கு நாங்கள்தான் வாசிப்போம் என்று அவன் சாப்பிடாமல் அடம்பிடித்தான். விசாரிக்க அவனுடைய தாய்மாமா குடோனுக்கு வந்தார்.

"இன்னா மியூசிக்குப்பா இது?"

"மெட்டலுங்க மாமா," என்றேன்.

"மெட்டல்னா? பித்தளையா, எவர்சில்வரா?" சிரித்துவிட்டு, "மாப்ள சைடு பசங்க ஆடுவானுங்க. ஆடறாப்ல இருக்குமா?" என்றார்.

"தாராளமா ஆடலாங்க மாமா."

நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

கல்யாண மண்டபத்தில் துதிப்பாடல் பகுதி நன்றாகவே போனது. மொய்க் கவருடன் வரிசையில் நின்றவர்கள் பக்தியோடு பார்த்தார்கள். பிறகு ஏழு தட்டுத் தாளம் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்கள். எட்டாவது தட்டை எதிர்பார்த்துத் தூக்கிய கால்கள் அந்தரத்தில் நின்றன. ஒருவன் பக்கத்திலிருந்தவன் மேல் சாய்ந்தான். "இன்னாடா, பாட்டு நொண்டுது!" என்று அவன் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அடுத்து, பாட்டில் நாங்கள் வேண்டுமென்றே வைத்திருந்த மௌனம். ஜனங்கள் முடிந்ததென்று பலமாகக் கைதட்டினார்கள். நாங்கள் மறுபடி தொடங்கினோம். இரண்டாவது மௌனத்திலும் தட்டினார்கள்; இந்த முறை அதில் வேண்டுதல் இருந்தது. மூன்றாவதில் யாரும் ஏமாறவில்லை.

பாடகனின் கர்ஜனை தொடங்கியதும் பெண்ணின் அத்தை ஒருவர் சமையல்கட்டிலிருந்து டம்ளரோடு மேடை ஏறிவிட்டார். "பாவம், புள்ளைக்குத் தொண்ட கட்டிக்கினு கீது. சுக்குத் தண்ணி, குடிப்பா. ஜல்தி!" என்றார். உச்சகட்டத்தில் இருந்த பாடகன் பாதி உறுமலில் நிறுத்தி அதைக் குடித்தான். குடிக்காமல் அவர் இறங்குவதாக இல்லை.

மாமா என்னிடம் வந்து குனிந்தார். "முடிஞ்சிதா, இன்னும் கீதா?"

"ராகமும் ஜாஸும் பாக்கி இருக்குங்க மாமா."

"அதயெல்லாம் பார்சல் கட்டிக் குடுத்துடுப்பா," என்று சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த உண்மையான கைதட்டல் அப்போதுதான் எழுந்தது.

பந்தியில் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து எதிரில் நின்றார். ஏதோ ஒரு கட்சியில் பொறுப்பில் இருப்பவர்.

"தம்பிங்களா, உங்க பாட்டு எனக்குப் புட்சிருக்குப்பா," என்றார்.

கீபோர்டுக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தப் பகுதிங்க ஐயா?"

"முடியவே இல்ல பாரு, அது! திண்டிவனத்துல எங்க கட்சிக் கூட்டம். தலைவர் எப்பவும் லேட்டு. கச்சேரி முடிஞ்சா ஜனம் எழுந்து போய்க்கினே இருக்கும், பெரிய பேஜாரு. நீங்க வாசிச்சிக்கினே இருந்தா எவன் எழுந்துப்பான்?"

கலையை இப்படி அவமதிக்கலாமா என்று வழியெல்லாம் விவாதித்தோம். ஊர் வந்து சேருவதற்குள் ஒப்புக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தன்று திடல் நிறைந்திருந்தது. கூட்டம் முடிந்தால் பிரியாணி என்று சொல்லியிருந்ததால் யாரும் நகரவில்லை. தலைவர் கிளம்பிவிட்டார் என்றார்கள். வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். நாங்கள் துதிப்பாடலில் தொடங்கி, ஏழு தட்டையும் மௌனங்களையும் கர்ஜனையையும் தாண்டி, என் ராகத்துக்கு வந்தோம். வெளியாட்கள் முன்னால் அந்த இடம்வரை நாங்கள் போனதே இல்லை. பிறகு ஜாஸ். பிறகு எல்லாம் சேர்ந்துகொள்ளும் கடைசிப் பகுதி. டிரம்மர் அழுதுகொண்டே அடித்தான்.

தலைவர் வரவில்லை. வேறு ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். பாட்டு முழுதாக முடிந்தது. நாங்கள் வியர்த்து நின்றோம். முன்வரிசையில் இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் எங்களை நிமிர்ந்து பார்த்து, "நல்லாதான் வாசிச்சிங்க. யாரு வரதுக்காக இம்மா நேரம்?" என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் பிரியாணி வண்டி வந்துவிட்டது.